வாசலுக்குப் போட்ட கல்

அப்பு ஆசைப்பட்டது உலகத்தில் இல்லாத ஒன்றுக்கு அல்ல. வீட்டுக்கு முன்னால் வாசல், வாசலைத் தாண்டினால் கேட், கேட்டைத் தாண்டினால் ரோடு, ரோட்டுக்கு அந்தப் பக்கம் பிஜுவின் டீக்கடை. அங்கே தானாகப் போய் ஒரு டீ குடித்துவிட்டுத் தானாகத் திரும்பி வர வேண்டும். யாரும் தூக்கக் கூடாது, யாரையும் கூப்பிடக் கூடாது. பாலக்காட்டு எல்லையோரத்து எருத்தேன்பதியில் நேற்று நடை பழகிய பிள்ளைகூட இதைச் செய்துவிடும். அப்புவால் முடியவில்லை. இடுப்புக்குக் கீழே அவருக்கு உடம்பு இருந்தும் இல்லாத கணக்குத்தான்.

மரத்திலிருந்து விழுவதற்கு முன்னால் அவர் கள்ளு இறக்குகிறவர். மீசை முளைத்த வயதில் தென்னையில் ஏற ஆரம்பித்தவர். காலையில் ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை என்று ஏறி இறங்கியதில் தோளும் கையும் மரத்தில் செதுக்கியதுபோல இருக்கும். அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டுதான் ரோட்டில் நடப்பார். கல்யாணமான புதிதில் மனைவி பர்வதத்தின் சீர் பீரோவை வண்டிக்காரன் கூலி அதிகம் கேட்டான் என்று கோழிஞ்சாம்பாறை ரோட்டிலிருந்து வீடுவரை முதுகில் சுமந்து வந்தவர். ‘ஒரு கை புடிக்கட்டுங்களா?’ என்று யாராவது கேட்டால் அவருக்குக் கோபம் வரும். உதவி கேட்காமலே ஒரு ஆள் சாக முடியும் என்று உண்மையாகவே நம்பிக்கொண்டிருந்தார், பாவம்.

ஒரு ஆடி மாதத்துச் சாயங்காலம், நனைந்த மரத்தில், பாளையைச் சீவிவிட்டு இறங்கும்போது கால் வழுக்கியது. பிஜுவும் இன்னும் நாலு பேரும் ஒரு கதவைக் கழற்றி அதில் வைத்துத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். திருச்சூர் ஆஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள். காலைக் கொடுக்க அவர்களாலும் முடியவில்லை.

அதற்குப் பிறகு அப்பு தூக்கப்படும் பொருளாகிவிட்டார். ஆஸ்பத்திரிக்குப் போக, ஓட்டுப் போட, சொந்தத்தில் ஒரு சாவுக்குத் தலைகாட்ட, எதற்கும் இரண்டு ஆள் வேண்டும். ஒருவர் கக்கத்தில் கை கொடுப்பார், ஒருவர் முழங்காலுக்கு அடியில். தூக்குகிறவர்கள் நல்லவர்கள்தான். ஆனால் தூக்கிக்கொண்டே அவர்கள் தங்களுக்குள் மழையைப் பற்றியும் தேங்காய் விலையைப் பற்றியும் பேசிக்கொண்டு போவார்கள். மூட்டை தூக்குகிறவன் மூட்டையிடம் பேச்சுக் கொடுப்பதில்லை. வேட்டி விலகினால் சரிசெய்யக்கூட அந்த நேரத்தில் அவருக்குக் கை ஒழியாது. கடைசியில் அவர் எங்கேயும் வரவில்லை என்று சொல்ல ஆரம்பித்தார்.

படுக்கையில் கிடக்கிறவர்களை வீடு தேடி வந்து பார்க்கிற பாலியேட்டிவ் நர்ஸ் ஜெஸ்னா வாரம் ஒருமுறை வருவாள். புண் இருக்கிறதா என்று திருப்பிப் பார்ப்பாள், மூத்திர டியூப் மாற்றுவாள், அவளுடைய மலையாளம் கலந்த தமிழில் அவரை அதட்டுவாள். அவள்தான் யாரையோ பிடித்து ஒரு சக்கர நாற்காலி வாங்கி வந்தாள். கள்ளு யூனியன்காரர்கள் முன்திண்ணையான சிட்-அவுட்டின் படிக்குப் பக்கத்தில் சிமென்டில் ஒரு சரிவு போட்டுக் கொடுத்தார்கள். அந்தச் சரிவில் அப்பு முதல்முறையாகத் தன் கையால் சக்கரத்தைப் பிடித்து இறங்கிய அன்றைக்குப் பர்வதம் சமையலறையில் போய் அழுதுவிட்டு வந்தாள். சரிவு முடிந்த இடத்தில் மண் ஆரம்பித்தது. கரிசல் மண். வெயிலில் வெடிப்பு விடும், மழையில் சேறாகும். நாற்காலியின் முன் சக்கரங்கள் இரண்டும் சின்னது. மண்ணில் போய்க் குத்திக்கொண்டு நின்றுவிட்டது.

“அப்புச்சேட்டா, முற்றத்துல எதாவது கல்லோ சிமென்டோ போட்டால் நீங்க தனியா ரோடு வரைக்கும் போகலாம்,” என்றாள் ஜெஸ்னா. “கேப் இல்லாம போடணும், மனசிலாயோ? இந்தச் சின்னச் சக்கரம் சின்னக் குழியில்கூட விழும்.”

அன்றிலிருந்து அப்புவுக்கு வேறு நினைப்பே இல்லை. கள்ளுத் தொழிலாளர் நலனுக்கான க்ஷேமநிதியிலிருந்து விபத்துக்கான பணம் வர வேண்டியிருந்தது. வரும் வரும் என்று சொல்லிச் சொல்லிக் கடைசியில் வந்தும்விட்டது. பெரிய தொகை இல்லை. சமையலறைக் கூரை ஒழுகிக்கொண்டிருந்தது. மழைக்காலத்தில் பர்வதம் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டுதான் சோறு வடிப்பாள். கூரைக்கும் வாசலுக்கும் சேர்த்து அந்தப் பணம் பற்றாது. அப்பு கூரைக்கு என்றால் கூரைக்கு என்று மனசைத் தேற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“ஏனுங்க,” என்றாள் பர்வதம், “வாசலுக்கே போட்டுறலாமுங்க.”

“கூரை?”

“நான் நனைஞ்சா தொடைச்சுக்குவேன். நீங்க அந்த சன்னலையே பாத்துட்டு ஒக்காந்திருக்கறத எத்தன நாளைக்குங்க பாக்கறது?”

அப்பு அவளைக் கும்பிடவில்லை, அவ்வளவுதான் குறை.

கல் பார்க்க இருவரும் சரக்கு ஆட்டோவில் போனார்கள். நாற்காலியையும் பின்னால் ஏற்றிக்கொண்டார்கள். வேலந்தாவளம் போகிற ரோட்டில், ஒரு பெரிய தகரக் கொட்டகை. முன்னால் தரையில் கட்டம் கட்டமாக மாதிரி போட்டு வைத்திருந்தார்கள். ஒரு கட்டத்தில் கடப்பக்கல், ஒன்றில் தாந்தூர் கல், ஒன்றில் சிவப்பும் மஞ்சளுமாக இடைவெளி இல்லாமல் கோத்த இன்டர்லாக் கட்டை, ஒன்றில் வெறும் பேபி ஜல்லி. ஓரமாக, மற்ற எல்லாவற்றையும்விட அழகாக, பெங்களூர் கல். சாம்பல் நிறத்தில் பெரிய பெரிய பலகைகள், ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் நடுவே உள்ளங்கை அகலத்துக்கு இடம் விட்டு, அந்த இடத்தில் பச்சைப் பசேலென்று பிளாஸ்டிக் புல்.

“பட்ஜெட் எவ்வளவுங்க?” என்று கடைக்காரர் கேட்டார். சொன்னதும் அவர் முகம் கொஞ்சம் தொங்கியது. ஆனால் வியாபாரி, சட்டென்று எடுத்து மாட்டிக்கொண்டார். “அப்பறம் நீங்க பெங்களூர் கல்லுதானுங்க போடோணும். எல்லாரும் காஸ்ட்லின்னு நெனச்சுக்கறாங்க. நடுவுல புல்லு வருதில்லீங்களா, கல்லு கொஞ்சமாத்தான் புடிக்கும். குறைஞ்ச காசுல பங்களா மாதிரி இருக்கும்.”

அப்பு நாற்காலியை இறக்கச் சொல்லி, அதில் ஏறி உட்கார்ந்து, மாதிரித் தரைகளின் மேல் ஓட்டிப் பார்க்க ஆரம்பித்தார். கல் வாங்க வந்தவர்கள் எல்லாம் நின்று வேடிக்கை பார்த்தார்கள். அவர் யாரையும் சட்டை செய்யவில்லை. பேபி ஜல்லியில் சக்கரம் பாதிவரை புதைந்தது. கடப்பக்கல்லில் நன்றாக ஓடியது, ஆனால் கடைப் பையன் ஒரு குடம் தண்ணீர் ஊற்றியதும் வழுக்கியது. பெங்களூர் கல்லில் முதல் இடைவெளியிலேயே முன் சக்கரம் விழுந்து நாற்காலி குப்புறக் கவிழப் பார்த்தது. பர்வதம் ஓடிவந்து பிடித்தாள்.

“அய்யோ, இதுக்குன்னா இது ஆகாதுங்க,” என்று கடைக்காரரே ஒப்புக்கொண்டார்.

இன்டர்லாக்கில் கொஞ்சம் தடதடத்தது, ஆனால் நிற்காமல் ஓடியது. விலைதான் எட்டவில்லை. அப்போதுதான் அப்பு கொட்டகைக்குப் பின்னால் குவிந்து கிடந்த கட்டைகளைப் பார்த்தார். நிறம் மங்கியது, மூலை உடைந்தது, ஒன்று சிவப்பு, ஒன்று கறுப்பு, ஒன்று எந்த நிறமென்றே சொல்ல முடியாதது. செகண்ட்ஸ். பாதி விலை. அதில் ஒரு வரிசையை அடுக்கச் சொல்லி ஓட்டிப் பார்த்தார். ஓடியது. போனார், திரும்பினார், மறுபடி போனார். பர்வதத்தைப் பார்த்துச் சிரித்தார். பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். விழுந்ததற்குப் பிறகு அவர் அப்படிச் சிரித்து அவள் பார்த்ததில்லை.

“பாக்கறதுக்கு சுமாராத்தான் இருக்குமுங்க,” என்றார் கடைக்காரர்.

“நான் பாக்கறதுக்கு வாங்கலீங்க,” என்றார் அப்பு.

அட்வான்ஸ் கொடுத்தாயிற்று. அடுத்த வாரம் ஆள் வந்து போட்டுத் தருவதாகப் பேச்சு. வீட்டுக்கு வந்து பிஜுவைக் கூப்பிட்டு, “நாஞ் சொல்ற அன்னைக்கி எனக்கு ஒரு டீ போட்டு வையி. நானே வந்து குடிக்கறேன்,” என்றார். பிஜு, “வாங்க அண்ணா, பெஞ்சு துடைச்சு வைக்கறேன்,” என்றான்.

அந்த வாரமே காய்ச்சல் வந்தது. டியூப் போட்டிருப்பவர்களுக்கு வருகிற காய்ச்சல், குளிரும் நடுக்கமுமாக. ஜெஸ்னா பார்த்துவிட்டு உடனே பாலக்காட்டுக்கு அனுப்பினாள். பர்வதமும் துணைக்குப் போனாள். ஆஸ்பத்திரிப் படுக்கையில் கண்ணைத் திறக்கிற நேரமெல்லாம் அப்பு, “கல்லு போட வந்தாங்களான்னு கேளு,” என்பார். அவள் மகனுக்குப் போன் போடுவாள். “எல்லாம் நான் பாத்துக்கறேம்மா, கவலப்படாதீங்க,” என்பான் ஸ்ரீஜித்.

ஸ்ரீஜித்தைக் கெட்ட பையன் என்று சொல்லிவிட முடியாது. சொன்னால் எனக்கு நாக்கு அழுகிவிடும். பாலக்காட்டில் பைக் ஷோரூமில் வேலை. அப்பா விழுந்த வருஷம் படிப்பை நிறுத்திவிட்டு வேலைக்குப் போனவன். மருந்துச் செலவு, டியூப், டயப்பர் எல்லாம் அவன் சம்பளத்தில்தான். அப்பாவைத் திருப்பிப் போட்டு முதுகு துடைத்துவிடுவான், முகம் சுளிக்க மாட்டான். ஆனால் ஷோரூமில் தினமும் சட்டையை இஸ்திரி போட்டு, டை கட்டி, பணக்கார வீட்டுப் பிள்ளைகளிடம் பைக் விற்று விற்று, பார்வைக்கு எப்படி இருக்கிறது என்பதுதான் உலகம் என்று அவனுக்குப் பதிந்துபோயிருந்தது. இந்தச் சமயத்தில் அவனுக்கு ஒரு சம்பந்தமும் கூடி வந்தது. அம்ருதா, பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கம், சொசைட்டி பேங்கில் வேலை. அப்பா ஓய்வு பெற்ற ஹெட்மாஸ்டர். இருவருக்கும் பிடித்துவிட்டது. இனி பாக்கி இருந்தது வீடு காண்பதுதான். பெண் பார்க்கப் பையன் வீட்டார் போவது எங்கேயும் உள்ள வழக்கம். இந்தப் பக்கத்தில் பெண் வீட்டாரும் பையனின் வீட்டைப் பார்க்கக் கூட்டமாக வருவார்கள். கிணறு, கக்கூஸ், சமையல்கட்டு, தென்னை எத்தனை, எல்லாம் பார்ப்பார்கள். வண்டியை விட்டு இறங்கியதும் முதலில் பார்ப்பது வாசலை.

ஆஸ்பத்திரியிலிருந்து ஆட்டோ வந்து நின்றபோது வேறு யார் வீட்டுக்கோ வந்துவிட்டோம் என்றுதான் அப்பு நினைத்தார். கேட்டிலிருந்து சிட்-அவுட்வரைக்கும் பெங்களூர் கல். சாம்பல் பலகைகள் பளபளவென்று, நடுநடுவே கட்டம் கட்டமாகப் பச்சைப் புல். சுவரோரம் இரண்டு தொட்டியில் குரோட்டன்ஸ். கள்ளிறக்கிய அப்புவின் வீடு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பர்வதம் வாயில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

“நல்லாருக்குதுங்களாப்பா?” என்று ஸ்ரீஜித் ஓடி வந்தான். “அந்த ஒடைஞ்ச கட்டையெல்லாம் வேண்டாம்னு சொல்லீட்டேன். கொஞ்சங்கூட எச்சாப் புடிக்கல, அதே காசுலயே முடிஞ்சுது. புல்லு வர்ற எடத்துக்குக் கல்லு வேண்டாமில்லீங்களா?”

நன்றாகத்தான் இருந்தது. அப்புவும், “நல்லாருக்குது,” என்றார். ஸ்ரீஜித் கக்கத்தில் கை கொடுக்க, ஆட்டோக்காரர் முழங்காலுக்கு அடியில் பிடிக்க, அவரை அந்தக் கல்லின் மேலாகவே தூக்கிக்கொண்டு போனார்கள்.

மறுநாள் காலை, மகன் வேலைக்குப் போன பிறகு, அவர் சரிவில் இறங்கிப் பார்த்தார். ஒருவேளை கடையில் பார்த்ததைவிட இடைவெளி குறைவாக இருக்கலாம், ஒருவேளை புல் தாங்கலாம் என்று ஒரு ஆசை. முதல் பலகையில் ஏறியது. இரண்டாவதற்கு முன்னால் சக்கரம் புல்லில் இறங்கி நின்றுவிட்டது. பின்னால் இழுத்தார், வரவில்லை. முன்னால் உந்தினார், நாற்காலியின் பின்புறம் தூக்கியது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. எதிரே பிஜு பெஞ்சைத் துடைத்துக்கொண்டிருந்தான். கூப்பிட்டால் வருவான். அப்பு கூப்பிடவில்லை. தொழிலுறப்பு என்கிற நூறு நாள் வேலைக்குப் போயிருந்த பர்வதம் திரும்பி வரும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தார்.

அவள் நாற்காலியை உருவி எடுத்து உள்ளே தள்ளிக்கொண்டு போனாள்.  மகன் வந்ததும் கேட்டாள்.

“ஏங் கண்ணு, உங்கொப்பனுக்கு வண்டி ஓடறதுக்குத்தான கல்லுன்னு சொன்னது? இதுல எப்பிடி ஓடும்?”

“கல்யாணம் முடியட்டும்மா. நடுவுல ஒரு சிமென்ட் பாதை போட்டுக் குடுத்தர்றேன்.”

“கல்யாணம் எப்ப, சாமி?”

அவன் டையைக் கழற்றிக்கொண்டிருந்தான். உள் அறையிலிருந்து அப்பு கூப்பிட்டார். அவன் போய்க் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றான்.

“இந்தக் கல்லுல வண்டி போவாதுன்னு கடக்காரன் சொல்லலியா?”

“சொன்னாருங்க.”

“தெரிஞ்சுதான் போட்டயா?”

ஸ்ரீஜித்துக்குப் பொய் சொல்ல வராது, அதாவது அப்பாவிடம் வராது.  ஒரேயடியாகக் கொட்டினான். “அப்பா, நீங்க அந்தக் கடையில போய் ஒக்காந்துட்டிருந்தா, மூத்திரப் பையத் தொங்கவிட்டுட்டு, வர்றவங்க போறவங்க எல்லாம் பாப்பாங்க. அவங்கெல்லாம் படிச்ச குடும்பம். அவங்ககிட்ட நான் அப்பா படுக்கையில இருக்கறாருன்னுதான் சொல்லீருக்கறேன். கொஞ்ச நாளைக்கி, அவ்வளவுதானுங்கப்பா. நான் உங்களுக்கு என்ன கொறை வெச்சேன்?”

ஒரு குறையும் வைக்கவில்லை.  மருந்து வாங்குகிறான், முதுகு துடைக்கிறான், சோறு போடுகிறான். ஒரு பிள்ளையிடம் இதற்குமேல் எதைக் கேட்பது? ரோட்டுக்குப் போக வழி விடு என்று கேட்டால் அது பேராசையாகத்தான் தெரியும். தன்னுடைய முதுகு ஒடிந்ததற்குக் கிடைத்த பணத்தில் தன்னையே அடைத்து வைக்கக் கல் வாங்கியிருக்கிறான் என்று அவருக்கு நெஞ்சு எரிந்தது. எரிந்து என்ன செய்ய? ராத்திரி பர்வதமும் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே, “வீடு காண வர்ற ஒரே ஒரு நாளைக்கிப் பொறுத்துக்கங்க, பையன் பொழப்பு,” என்றாள். காலைப் பிடித்துவிடுவது அவருக்குத் தெரியாது. அவள் சொன்னது மட்டும் தெரிந்தது. சரி என்று வாக்குக் கொடுத்தார்.

வீடு காண வருகிற நாள் வந்தது. பங்குனி வெயில். பர்வதம் விடியலிலேயே கல்லையெல்லாம் கழுவிவிட்டாள். வருகிற ஒறம்பரைச் சனத்துக்கு என்று சுழியமும் வடையும் சுட்டாள். அப்புவுக்கு முகச்சவரம் செய்து, புதுச் சட்டையும் வேட்டியும் உடுத்தி, கட்டிலில் இடுப்புவரை போர்வை போட்டு விட்டாள். பத்து மணிக்குமேல் முதல் கார் வந்தது. அம்ருதாவின் அப்பா, அம்மா, சித்தப்பா, இன்னும் இரண்டு மூன்று பேர். அத்தைக்காரி ஒருத்தி பின்னால் வேறு காரில் வருவதாகச் சொன்னார்கள்.

ஹெட்மாஸ்டர் உள் அறைக்கு வந்து வாசற்படியிலேயே நின்றார். நல்ல மனிதர், குரலைத் தாழ்த்தித்தான் பேசினார். “சிரமப்பட வேண்டாம், படுத்துக்கங்க, படுத்துக்கங்க. பையனப் பாத்தோம், எங்களுக்குத் திருப்தி.” அப்பு எழுந்து உட்காரப் போனார். அதற்குள் அவர் கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார். மற்றவர்களும் ஒவ்வொருவராக எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். ஆஸ்பத்திரியில் பார்க்கிற மாதிரி, ஒரு கணம் முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு.

சிட்-அவுட்டில் பேசுவதெல்லாம் அவருக்கு நன்றாகக் கேட்டது.

“முற்றம் பிரமாதமா செஞ்சிருக்கீங்க,” என்றார் ஹெட்மாஸ்டர். “இது ஒண்ணுலயே தெரிஞ்சுபோச்சு, வீட்ட எப்பிடி வெச்சிருக்கறீங்கன்னு. நீங்க செலக்ட் பண்ணுனதா தம்பி?”

“இல்லீங்க,” என்றான் ஸ்ரீஜித். “எல்லாம் அப்பாவோட ஆசைங்க. அப்பாதான் கடைக்குப் போய்ப் பாத்து எடுத்தாரு.”

படுக்கையில் இருக்கிறவர் எப்படிக் கடைக்குப் போனார் என்று யாரும் கேட்கவில்லை. எல்லோரும், “ஆஹா” என்றார்கள்.

அந்த ஒரு பேச்சு மட்டும் வராமல் இருந்திருந்தால் அப்பு அந்த ஒரு நாளைப் பொறுத்துக்கொண்டிருப்பார். வாக்குக் கொடுத்தவர் மாறுகிற ஆள் இல்லை. ஆனால் வழியையும் அடைத்து, அடைத்ததையும் அவர் ஆசை என்று ஊருக்குச் சொல்லுவதா? உடம்பில் இன்னும் உயிர் இருக்கிற பாகமெல்லாம் கொதித்தது.

காபி குடித்துவிட்டு எல்லோரும் கிணறும் தென்னையும் பார்க்கக் கொல்லைப் பக்கம் போனார்கள். ஸ்ரீஜித் முன்னால், பர்வதம் பின்னால். வீடு சும்மா கிடந்தது. அப்பு போர்வையைத் தள்ளினார். கட்டில் சட்டத்தைப் பிடித்து நாற்காலிக்கு மாறினார். அதற்கு அந்தக் கைகளே போதும். ஹாலைத் தாண்டி, சிட்-அவுட்டைத் தாண்டி, சரிவில் இறங்கினார். முதல் பலகை. இரண்டாவதற்கு முன்னால் சக்கரம், எப்போதும்போல, புல்லில் விழுந்தது.

இந்தத் தடவை அவர் காத்திருக்கவில்லை. புதுச் சட்டை அழுக்காகிவிடுமே என்று கழற்றி நாற்காலிக் கையில் மடித்துப் போட்டார். மூத்திரப் பையை இடுப்பில் செருகிக்கொண்டார். இரண்டு கையையும் ஊன்றிக் கல்லில் இறங்கினார். முதுகு கேட்டுப் பக்கம், முகம் வீட்டுப் பக்கம். கையைப் பின்னால் ஊன்றுவது, உடம்பைத் தூக்கி இழுப்பது, காலிரண்டும் தானாகப் பின்னால் வரும். கல் கொதித்தது. உள்ளங்கை பொரிந்தது. கீழே வெந்தால் அவருக்குத் தெரியாது, அது பெரிய சௌகரியம். மரமேறிய காலத்து மூச்சு இன்னும் நெஞ்சில் மிச்சம் இருந்தது. ஒவ்வொரு பலகையாகத் தாண்டினார். கேட்டைத் தாண்டினார். கேட் தூணில் சாய்ந்து, ரோட்டோரத்து மண்ணில், மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார். வந்துவிட்டார். யாரும் தூக்கவில்லை. எதிரே பிஜு கிளாஸைக் கையில் வைத்தபடி கண்ணைக் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தான். அப்பு அவனைப் பார்த்துக் கையை ஆட்டினார்.

அப்போதுதான் இரண்டாவது கார் வந்து நின்றது. பட்டுச்சேலை கட்டிய அம்மாள் இறங்கினாள். அவள்தான் அத்தை. கேட்டோரம் சட்டையில்லாமல், புழுதியும் வியர்வையுமாக, காலைப் பரப்பிப் போட்டுக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். இரக்கமுள்ள பெண்பிள்ளை. கைப்பையைத் திறந்து ஒரு இருபது ரூபாய் நோட்டை எடுத்துக் குனிந்து அவர் கையில் வைத்தாள்.

“இந்தாப்பா, வெச்சுக்க. நல்ல காரியத்துக்கு வந்திருக்கறோம்.”

கார் சத்தம் கேட்டு ஸ்ரீஜித் கொல்லையிலிருந்து ஓடி வந்தான். சரிவுக்குக் கீழே காலியாக நாற்காலி, அதன் கையில் புதுச் சட்டை. கேட்டுக்கு வெளியே அப்பா, கையில் நோட்டு. எல்லாவற்றையும் ஒரே பார்வையில் பார்த்தான். 

“யாரு தம்பி இது, பாவம், காலு வராது போலிருக்குதே?” என்றாள் அத்தை. “கிளம்பறதுக்குள்ள இவருக்கு ஒரு எலை சோறு போடச் சொல்லு.”

அப்பு மகனைப் பார்த்தார். அவன் சொல்ல வேண்டியது ஒரே ஒரு வார்த்தை. பிறந்து வாய் திறந்ததும் அவன் முதலில் சொன்ன வார்த்தை. அதைச் சொல்லிவிட்டால் போதும், மற்ற எல்லாவற்றையும் அவர் மறந்துவிடுவார். கல்லையும், பொய்யையும், உள்ளங்கை எரிச்சலையும். அவன் உதடு அசைந்ததைக்கூட அவர் பார்த்தார்.

“சரிங்கம்மா,” என்றான் ஸ்ரீஜித். “நீங்க உள்ள வாங்க. எல்லாரும் உங்களுக்காகத்தான் காத்திட்டிருக்கறாங்க.”

அத்தை அந்த அழகான கல்லின் மேல் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்து போனாள். அவன் பின்னால் போனான், திரும்பிப் பார்க்கவில்லை.

பிஜு ரோட்டைத் தாண்டி ஓடி வந்தான். “அண்ணா, என்னண்ணா இது? இருங்க, நான் போய்ச் சொல்றேன் அவங்ககிட்ட...”

“நில்லு,” என்றார் அப்பு. நோட்டை நீவி, அவனிடம் நீட்டினார். “ஒரு டீ கொண்டா. மிச்சத்த நீயே வெச்சுக்க. என்ற பையன் ஊட்டு வாசல்ல நானே வந்து ஒக்காந்து சம்பாரிச்ச காசு.”